நடைபாதை நோட்டீஸ்: நியூயார்க்கில் 75 நாள் கெடு

நியூயார்க்கில் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு, பத்திரம் முடிந்து குடிபோன பிறகுதான் இது தெரியவருகிறது: வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைச் சீராக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. சென்னையில் நடைபாதை பெயர்ந்து கிடந்தால் கார்ப்பரேஷனில் புகார் கொடுப்போம். நியூயார்க்கிலோ மாநகரச் சட்டத்தின் 19-152ஆம் பிரிவு, போடுவதிலிருந்து பழுதுபார்ப்பது வரை எல்லாச் செலவையும் பக்கத்துச் சொத்தின் உரிமையாளர் தலையில் வைக்கிறது.

போக்குவரத்துத் துறை ஆய்வாளர் குறை கண்டால் நோட்டீஸ் வரும். அதைப் பார்த்ததும் அபராதம் என்று பதறுகிறார்கள். அபராதம் இல்லை. 75 நாளுக்குள் நீங்களே சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் மாநகரமே ஆளை வைத்துச் செய்து உங்களுக்கு பில் அனுப்பலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த பில்லைக் கட்டாமல் விட்டால் வட்டியோடு வீட்டின் மேல் வில்லங்கமாக ஏறும். நோட்டீஸின் நகல் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கும் போகிறது. வீட்டை விற்கும்போதோ கடனை மாற்றும்போதோ அது குறுக்கே வந்து நிற்கும்.

நோட்டீஸோடு ஒரு வரைபடம் இருக்கும். நடைபாதையின் எந்தெந்த காங்கிரீட் சதுரத்தில் என்ன குறை என்று அதில் குறித்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கி, அளவு நாடாவால் நீங்களே அளந்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சதுரங்களுக்கு இடையே அரை அங்குல ஏற்ற இறக்கம் இருந்தாலே குறைதான். பார்வைக்கு அது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். கைத்தடி ஊன்றி வரும் முதியவரின் கால் தடுக்க அவ்வளவே போதும். மிதித்தால் ஆடும் சதுரம், துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும் விரிசல், உடைந்த இடத்தில் மட்டும் பூசிய சிமென்ட் ஒட்டு எல்லாமே குறைகள். சதுரம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வரைபடம் தவறு என்று தோன்றினால் மாநகர உதவி எண் 311ஐ அழைத்து மறு ஆய்வு கேளுங்கள். வேறொரு ஆய்வாளர் வருவார். இது உங்கள் உரிமை. ஆனால் அவர் சொல்வதுதான் முடிவு.

நடைபாதை வேலைக்கு மாநகர பெர்மிட் வேண்டும். அதன் கட்டணம் பலரை உறுத்துகிறது. 300 அடி நீளம் வரை 70 டாலர். வேலையின் செலவோடு பார்த்தால் சிறு தொகைதான். அதை மிச்சப்படுத்த நினைத்து பெர்மிட் இல்லாமல் வேலை தொடங்கினால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். வழக்கமாக கான்ட்ராக்டரே பெர்மிட் எடுப்பார். அவருக்கு மாநகர உரிமம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். காங்கிரீட் 4 அங்குலக் கனம் இருக்க வேண்டும், கார் ஏறும் இடத்தில் 7. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

தெருமர வேர் தளத்தைத் தூக்கியிருந்தால் கதை வேறு. மாநகரத்து மரம் மட்டுமே சேதத்துக்குக் காரணம் என்றால், மூன்று குடும்பம் வரையிலான சிறு வீடுகளின் மேல் அதற்காக வில்லங்கம் போடும் வழக்கம் 2019இல் கைவிடப்பட்டது. அந்தச் சேதங்களைப் பூங்காத் துறை முன்னுரிமைப்படி சரிசெய்கிறது. அதுவரை பொறுக்காமல் வேரை நீங்களே வெட்டாதீர்கள். அனுமதியின்றி மரத்தில் கை வைப்பது சட்டவிரோதம்.

2003 செப்டம்பர் 14 அன்று அமலுக்கு வந்த 7-210ஆம் பிரிவைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். நடைபாதையில் ஒருவர் விழுந்து அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பை அது உரிமையாளருக்கு மாற்றியது. மூன்று குடும்பம் வரையிலான, உரிமையாளரே குடியிருக்கும், குடியிருப்புக்கு மட்டுமே பயன்படும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு நஷ்டஈட்டுக்கு மட்டும்தான். பழுதுபார்க்கும் கடமை அப்படியே இருக்கிறது. கீழ்த்தளத்தில் கடை வைத்தாலோ, வீட்டை முழுக்க வாடகைக்கு விட்டு வேறிடம் போனாலோ அந்த விலக்கும் போய்விடும். காப்பீட்டு பாலிசியை அப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாநகரம் செய்த வேலை மோசம், அல்லது பில் அதிகம் என்றால் மாநகரத்தின் தலைமை நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரிடம் உரிமைக்கோரிக்கை தாக்கல் செய்யலாம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் அப்போது கைகொடுக்கும். வேலையை நீங்களே முடித்திருந்தால் 311ஐ அழைத்து ஆய்வுக்கு வரச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்து ரத்து செய்யும்வரை, தளம் புதிதாக இருந்தாலும் பழைய நோட்டீஸ் பதிவில் அப்படியே கிடக்கும்.