தொலைபேசி வழியே கணிப்பொறித் தொடர்பு

நம் நாட்டின் கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களின் கணிப்பொறிகளை இணைக்கும் 'எர்நெட்' திட்டம் 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆரம்பத்தில் அதன் மூலம் மின்னஞ்சல் போக்குவரத்து மட்டுமே நடைபெற்றது. 1995 ஆகஸ்டு 15 முதல் பொதுமக்களுக்கும் இன்டர்நெட் கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் வரை வீட்டுத் தொலைபேசியும் மோடமுமே பெரும்பாலோர்க்கு அதன் வாயிலாக இருந்தன. வெளியிலிருந்து வரும் அத்தகைய அழைப்புகளை ஏற்று, அழைத்தவரை உள் வலையுடன் இணைக்கும் கணிப்பொறியே தொலைத்தொடர்பு சர்வர் எனப்படும்.

இதற்கெனத் தனி யந்திரங்கள் விற்கப்பட்டன. ஆயினும், லினக்ஸ் மென்பொருளைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியையே சர்வராக அமைக்கவும் முடியும். இத்தகைய மென்பொருளைப் பரப்பும் கட்டற்ற மென்பொருள் ஸ்தாபனத்தின் இந்திய அமைப்பு, 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடக்கம் பெற்றது.

அழைப்பை ஏற்றல்

தொலைபேசிக் கம்பி குரலைச் சுமக்க அமைந்தது. ஆகவே பிட்களை ஒலியாக மாற்றி அனுப்பவும், மறுமுனையில் ஒலியை மீண்டும் பிட்களாக்கவும் மோடம் தேவை. மோடத்தையும் சர்வரையும் இணைப்பது சீரியல் போர்ட். அதில் பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒரு பைட்டின் 8 பிட்களுடன், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் 2 பிட்களும் சேர்கின்றன. எனவே வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் 960 பைட்களே செல்லும்.

இங்குக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, போர்ட்டின் வேகமும் பிட் அமைப்பும் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, மோடத்தின் சேமிப்பிடம் நிறைந்ததும் 'நிறுத்துக' எனச் சர்வருக்குத் தெரிவிக்கும் தனிக் கம்பி இயங்க வேண்டும்; இல்லையேல் பைட்கள் வழியிலேயே தொலையும். மூன்றாவது, அழைத்தவர் விலகியதும் சர்வர் அதை உணர்ந்து தொலைபேசியை விடுவிக்க வேண்டும். தவறினால் அடுத்து அழைப்பவர்க்கு அந்த எண் இடைவிடாது உபயோகத்திலிருப்பதாகவே தோன்றும்.

திரும்பும் வழி

தொடர்பு ஏற்பட்டதனாலேயே வழி ஏற்பட்டுவிடாது. திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் சர்வரை, நெய்யாற்றின்கரையிலுள்ள ஆசிரியர் ஒருவர் அழைக்கிறார் எனக் கொள்வோம். சர்வரின் முகவரி 192.168.5.1. அது, 'பி.பி.பி.' என்னும் முறைப்படி அவரது அடையாளத்தைச் சோதித்து, 192.168.5.65 என்ற முகவரியை அவருக்கு அளிக்கிறது. இனி அவர் கல்லூரி நூலகத்தின் கணிப்பொறியை நாடுகிறார். சர்வர் அவருடைய செய்தியை உள்ளே கடத்த வேண்டும். அதற்கு அனுமதி தரும் அமைப்பு முன்னரே இயக்கப்பட்டிருத்தல் அவசியம்.

செய்தி நூலகத்தை அடைந்தது. ஆனால் மறுமொழி யாரிடம் செல்லும்? 65-ஆம் எண்ணுடையவர் தன் கம்பியிலேயே இருப்பதாக நூலகக் கணிப்பொறி எண்ணித் தேடுகிறது. அங்கு எவரும் விடையளிப்பதில்லை. இதற்குப் பரிகாரம் இரண்டு. அழைத்தவருக்குப் பதிலாளாகச் சர்வரே விடையளித்து, மறுமொழியை வாங்கி அனுப்பலாம். அல்லது, அழைப்போருக்கு 192.168.6 எனத் தொடங்கும் தனி முகவரித் தொகுதியை ஒதுக்கி, 'அவற்றுக்குச் செல்லும் வழி 192.168.5.1' என்று கல்லூரியின் ரௌட்டருக்கு அறிவிக்கலாம்.

இந்த வேறுபாடு அறியாதோர், தொடர்பு பயன்படாதபோது மோடத்தையும் தொலைபேசிக் கம்பியையும் மாற்றிப் பணத்தை விரயம் செய்வர். சோதனை எளிது. சர்வர் விடையளித்து, அதற்கு அப்பாலுள்ள பொறிகள் விடையளிக்கவில்லையெனில், கம்பியில் குறையில்லை. செய்தி கடத்தும் அமைப்பையும் திரும்பும் வழியையுமே ஆராய வேண்டும்.

காவல்

எண்ணை அறிந்த எவரும் அழைக்கலாமாதலால் காவலும் தேவை. கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் முறையினும், சர்வர் ஒவ்வொரு முறையும் புதிய வினா விடுக்க, அதனையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணித்த விடையை மட்டும் அனுப்பும் முறையே சிறந்தது. பதிவு செய்யப்பட்ட எண்ணுக்குச் சர்வரே திரும்ப அழைப்பது மேலும் ஒரு காவல்.

மோடத்தின் ஒலி இன்று வீடுகளில் கேட்பதில்லை. எனினும் பல பிராட்பேண்ட் தொடர்புகளில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சோதிப்பது அதே பி.பி.பி. முறையின் வழிவந்ததே. வேகம் பல்லாயிரம் மடங்கு பெருகிய பின்னும், செல்லும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் வகுத்தாக வேண்டும் என்ற விதி மாறவில்லை.