மலைநாட்டு வீட்டுத் தோட்டமும் உறைபனியும்

மார்கழி பிற்கூறிலிருந்து மாசி வரையுள்ள காலத்தில், நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல, பட்டிப்பொல ஆகிய இடங்களில் சில விடியற்காலைகளிற் புற்றரை வெள்ளை விரித்தாற்போற் காட்சியளிக்கும். காண்பவர்க்கு இது அழகாயிருக்கலாம். ஆனால் முதல் நாள் மாலையிற் பச்சையாக நின்ற உருளைக்கிழங்குப் பாத்தி, மறுநாள் நண்பகலில் வெந்நீர் ஊற்றியதுபோற் கறுத்துத் துவண்டு கிடப்பதைக் காணும் கமக்காரருக்கு அது அழகன்று. விதைக்கிழங்குக்கும் பசளைக்கும் கடன்பட்டுச் செலவிட்ட பணம் ஒரே இரவில் அழிந்துபோதல் கூடும். மட்டக்களப்பிலும் வன்னியிலும் நெல் விளைவிக்கும் அன்பர்கள் தை மாதத்திற் காணும் பனி வெறும் நீர்த்துளியே. அதனாற் பயிர் கருகுவதில்லை. இங்கே நாம் கூறுவது நீர் பனிக்கட்டியாக உறையும் பனியைப்பற்றியாகும். வானிலை அறிவித்தல்களில் இதனைத் துகள் உறைபனி என்பர்.

இது எவ்வாறு உண்டாகின்றதென்பதை அறிந்துகொண்டால், செய்யவேண்டியவை தாமே விளங்கும். பகலில் வெயிலிலிருந்து மண் பெற்ற வெப்பம் இரவில் மேல்நோக்கி வெளியேறுகின்றது. வானில் முகிலிருந்தால் அவ்வெப்பத்தில் ஒரு பகுதி திரும்ப நிலத்தையடையும். முகிலில்லாது, காற்றும் அசையாது, வளியும் வறண்டிருக்கும் இரவில் அது தடையின்றிப் போய்விடுகின்றது. அப்போது நிலத்தையொட்டிய வளி மிகவும் குளிர்கின்றது. மனிதனின் நெஞ்சளவு உயரத்தில் வெப்பமானி 3 அல்லது 4 பாகை செல்சியஸ் காட்டும்போதே, புல்லின் நுனியிற் பூச்சியத்திற்குக் கீழே குளிர்ந்திருக்கலாம். ஆகவே வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பி உறங்கிவிடாதீர்கள். மழை ஓய்ந்து, மாலையில் வானம் தெளிந்து, விண்மீன்கள் கூர்மையாகத் தெரிந்து, காற்றும் அடங்கிவிட்டால் அன்றிரவு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். காற்று வீசும் இரவு உடலுக்குக் குளிராயிருந்தாலும் பயிருக்கு அத்துணை ஆபத்தன்று.

குளிர்ந்த வளி பாரமானது. நீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே வளவில் மேற்பாத்தி தப்ப, கீழ்ப்பாத்தி கருகுவது இதனாலேயே. முதன்முதலாக வெண்பனி காணும் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடந்து, எவ்விடங்கள் வெளுத்துள்ளன என்று பார்த்து, அவ்விடங்களில் முளையடித்து வையுங்கள். ஆண்டுதோறும் பெரும்பாலும் அவ்விடங்களே முதலில் வெளுக்கும். செலவில்லாத இச்சிறு வேலையை நம்மிற் பலர் செய்வதில்லை. தோட்டத்தின் கீழெல்லையிலே நெருக்கமான வேலியோ கல்மதிலோ இருக்குமாயின், அது குளிர்ந்த வளியை அணைபோல் மறித்துத் தோட்டத்தினுள்ளே தேக்கிவிடும். வேலியின் அடிப்பகுதியை வெட்டி, வளி வெளியேறுவதற்கு வழிவிடுங்கள். மேலெல்லையிலே வேலி அடர்த்தியாயிருப்பது நன்மையே. மேலிருந்து இறங்கும் குளிர்வளியை அது பக்கமாய்த் திருப்பிவிடும்.

இனி, எப்பயிரை எங்கே நடுவது என்பது. கோவா, லீக்ஸ், கரட், பீற்றூட், நோக்கோல் முதலியன குளிர்நாட்டு மரக்கறிகள். இலேசான உறைபனியை நன்கு தாங்கும். இவற்றைப் பள்ளத்திலுள்ள பாத்திகளில் நடலாம். போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், பூசணி ஆகியன சிறிதும் தாங்கமாட்டா. இவற்றை மேட்டிலும், வீட்டின் சுவரோரத்திலும் வைப்பதே அறிவுடைமை. பகலில் வெயில்பட்ட கற்சுவர் இரவில் மெல்லமெல்ல வெப்பத்தை விடும். கூரையின் இறவாரம் வான்வெளியை மறைப்பதும் உதவியே. லயன் வீடுகளின் முன்னே ஓரடி அகலமான பாத்தியிலே மிளகாயும் தக்காளியும் தப்பி நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். உருளைக்கிழங்கு இடைத்தரமானது, பூச்சியத்திற்குக் கீழே 2 அல்லது 3 பாகை குளிர்ந்தால் அதன் இலையுந் தண்டும் மடிந்துவிடும். ஆயினும் மண்ணை நன்றாக அணைத்து மூடியிருந்தால் நிலத்தினுள்ளேயிருக்கும் கிழங்கு பழுதுறாது. மார்கழிக்கு முன்னரே மண்ணணைத்தலை முடித்துவிடுங்கள்.

உறைபனிக் காலம் நெருங்கும்போது யூரியா போன்ற நைதரசன் பசளைகளை மிகுதியாக இடுதல் தகாது. அதனால் எழும் இளந்தளிர் நீர்ப்பற்று மிக்கது. முதலிலே கருகுவதும் அதுவே. மண்ணிலுள்ள பொற்றாசியச் சத்துக் குறைவுபடாதிருப்பது பயிருக்கு உறுதி தரும். எவ்வளவு இடவேண்டுமென்பதை மண்ணைப் பரிசோதிப்பித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவதே முறை.

மூடாக்கைப்பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. மண்ணின்மேல் வைக்கோல் அல்லது புல் பரப்பினாற் பயிர் குளிருக்குத் தப்பும் என்று கருதுகின்றனர். வேர்களுக்கு அது நன்மையே. ஆனால் மண்ணிலுள்ள வெப்பம் மேலே வந்து இலைகளை அணுகாதவாறு அதே மூடாக்குத் தடுத்துவிடுகின்றது. ஆதலால் தாழ்ந்து வளரும் மென்மையான பயிர்களின் அடியிலே உறைபனிக் காலத்திற் கனத்த மூடாக்கு இருத்தல் ஆகாது; அதனை வரிசைகளின் நடுவே ஒதுக்கி வையுங்கள். களையற்று, கொத்திக் கிளறப்படாது, ஈரமாயுள்ள வெறும் மண்ணே பகலில் மிகுந்த வெப்பத்தைச் சேமிக்கும். எனவே பனியை எதிர்பார்க்கும் நாளின் முற்பகலிலே பாத்திக்கு நீர் பாய்ச்சுங்கள். அந்த நாட்களில் இடைக்கொத்துவதை நிறுத்தி வையுங்கள்.

நாற்றுமேடையைக் காப்பது யாவற்றிலும் முக்கியமானது. அங்கே ஒரு சாண் இடம் கருகினால் வயலில் ஒரு பாத்தி வெறுமையாகும். மேடையின் இருபுறமும் கவைக்கோல்களை ஊன்றி, குறுக்கே கம்பு வைத்து, அதன்மேற் சாக்கு, பழைய துணி, புல்லாற் பின்னிய தட்டி ஆகியவற்றுள் ஒன்றைப் பரப்புங்கள். மூடுவது பொழுது சாயுமுன்னரே நடைபெறல் வேண்டும். வெப்பம் போனபின் மூடிப் பயனில்லை. மூடியின் விளிம்பு நிலத்தைத் தொடவேண்டும். நாற்றின் இலையைத் தொடலாகாது. முக்கியமாகப் பொலித்தீன் தாள் இலையிற் படுமிடத்தில் இலை உறைந்து கருகும். காலையில் வெண்பனி உருகியபின் மூடியை அகற்றி, வெயிலும் காற்றும் படவிடுங்கள். பகலெல்லாம் மூடிவைத்தால் நாற்றழுகல் நோய் தோன்றும். பனிக்குத் தப்பியது நோய்க்கு இரையாகும்.

ஈரச் சருகைக் கொளுத்திப் புகை மூட்டும் வழக்கமும் உண்டு. புகையானது வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதில்லை. இருமலைத் தவிர வேறு பலன் அதிற் காணோம்.

நீர் தெளித்தலைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகின்றது. பயிரின்மேல் இடைவிடாது நீர் தெளித்துக் கொண்டிருந்தால், உறையும் நீரின் வெப்பம் இலையைப் பூச்சியப் பாகைக்குக் கீழே இறங்கவிடாது. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே நள்ளிரவில் சிறிது தெளித்துவிட்டு நிறுத்துவோர் பயிரைத் தம் கையாலேயே மேலும் குளிர்விக்கின்றனர். தூவல் குழாயும், விடியும்வரை வற்றாத நீரும் உள்ளவர்களே இம்முறையைக் கையாளலாம்; உறையத் தொடங்குமுன் ஆரம்பித்து, பனிக்கட்டி முற்றாக உருகும்வரை நிறுத்தலாகாது. விடியற்காலையில் வாளியால் நீர் வார்த்து இலையிலுள்ள வெண்பனியைக் கழுவுவது வேறு. அது இலையின் மேற்புறத்திலுள்ள பனியைக் கரைக்கும். இலையின் உள்ளே கலங்கள் உறைந்து சிதைந்திருந்தால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அவை மீளா.

வளவிலுள்ள கோழிக்கூட்டையும் மறவாதீர்கள். தரையில் உலர்ந்த வைக்கோலிட்டு, காற்றடிக்கும் பக்கத்திற்குச் சாக்குக் கட்டுங்கள். எனினும் மேற்பக்கத்திற் காற்றோட்டத்திற்கு வழி இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் பயிர் கருகிவிட்டால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை பொறுத்திருங்கள். தண்டும் குருத்தும் உயிருடன் இருந்தால் உருளைக்கிழங்கு அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். எவ்வளவு மடிந்ததென்பது அப்போதுதான் தெளிவாகும். பின்னரே கருகிய பகுதிகளை வெட்டி நீக்கி, கூட்டெருக் குழியிலிட்டு மண்ணால் மூடுங்கள். செத்த இலை பாத்தியிலே கிடந்தால் பூஞ்சணம் அதிற் பற்றி உயிருள்ள பயிருக்கும் பரவும். போஞ்சியும் தக்காளியும் மீளமாட்டா. அவ்விடத்தைப் பண்படுத்தி, பனி இன்னும் எஞ்சியிருக்குமாயின் கரட் அல்லது பீற்றூட் விதையை இடுங்கள்; போஞ்சி விதையைப் பங்குனி வரை வைத்திருங்கள்.