குட்டைக் குழலின் முழக்கம்

திருத்தங்கலிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஆயுதப்படைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். "பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். பக்கத்தில் அணுகுண்டு வெடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் ஃபயரிங் பிராக்டிஸில் .303 ரைபிள் சுடும்போது நெஞ்சில் அறைந்த மாதிரி இருக்கும். ஒரு ரவைக்குள் இருக்கிற மருந்து ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. அதற்கு எப்படி இத்தனை முழக்கம்? குழல் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம் என்பார்களே, அது உண்மையா?" என்று கேட்கிறார்.

உண்மைதான். நெடுநாளாக எழுத வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த விஷயமும் இதுதான்.

தோட்டா அறையை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டை இழுத்து, தள்ளி, மடக்கிச் சுடும் லீ-என்ஃபீல்ட் என்ற அந்த .303 ரைபிளைச் சினிமாவிலாவது எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதனால் நேராகத் தோட்டாவுக்குள் போய்விடலாம். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு வெலிங்டனை அடுத்து வரும் அருவங்காடு நிலையம் நினைவிருக்கும். அங்கே 1903இல் தொடங்கிய ஆலையின் பெயரே கார்டைட் ஃபேக்டரி. .303 தோட்டாவைப் பல காலம் ஓட்டியது இந்தக் கார்டைட்தான். வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின் ஆகிய மூன்றையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, அச்சில் இழை இழையாகப் பிழிந்து உலர்த்துவார்கள். அந்த இழைகளைக் கட்டாகப் பித்தளைக் கூட்டுக்குள் செருகிய பிறகே கூட்டின் கழுத்தை ஒடுக்குவார்கள். ஒரு தோட்டாவுக்கு இரண்டரை கிராமுக்கும் சற்றுக் குறைவான மருந்து. குண்டின் எடை 11 கிராம் சொச்சம். டீஸ்பூன்கூடத் தேறாது என்று காவலர் சொன்னது சரியான கணக்கு.

இந்த இழையைத் திறந்த வெளியில் கொளுத்தினால் வெடிக்காது. சரசரவென்று எரிந்து முடிந்துவிடும். இரும்பு அறைக்குள் அடைபட்டு எரியும்போதுதான் அதன் குணம் மாறுகிறது. அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல மூவாயிரம் மடங்கு ஏறும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு விநாடிக்குள் குண்டு குழலைக் கடந்து, விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஆனால் மருந்தின் மொத்தச் சக்தியில் மூன்றில் ஒரு பங்களவே குண்டுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் குழலைச் சூடாக்குவதிலும், குண்டின் பின்னாலேயே பீறிட்டு வரும் வாயுவிலும் கழிகிறது. முழக்கம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் அந்த வாயுவைத்தான்.

எங்கள் வீட்டு பிரஷர் குக்கரில் இதைத் தினமும் பார்க்கிறேன். அடுப்பை அணைத்துச் சற்று நேரம் விட்டு வெயிட்டைத் தூக்கினால் சாதுவாக ஒரு பெருமூச்சு விடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது என்று விசில் அடங்குமுன் தூக்கினால் சமையலறையே சீறும். குழலின் நீளம் என்பது வாயுவுக்குத் தரப்படும் அந்தச் சற்று நேரம். நீளமான குழலுக்குள் வாயு விரிந்து, குளிர்ந்து, தன் அழுத்தத்தில் பெரும்பகுதியைக் குண்டிடம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறது. குழலை வெட்டினால் விசில் அடங்குமுன் வெயிட்டைத் தூக்கிய கதைதான்.

ஆனாலும் ராணுவங்களுக்குக் குட்டைக் குழல் மீது எப்போதும் ஒரு கண். குதிரைப்படைக்கு ஒன்று, காலாட்படைக்கு ஒன்று என்று இரண்டு துப்பாக்கி எதற்கு என்று யோசித்துத்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் லீ-என்ஃபீல்டை 25.2 அங்குலக் குழலுக்குக் குறுக்கினார்கள். வங்காளத்தின் ஈசாப்பூரில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் செய்து குவித்ததும், போலீஸ் ஸ்டேஷன்களில் நாம் பார்த்து வளர்ந்ததும் அந்த நீளம்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அதையும் குறைத்தார்கள். 1944இல் வந்த ஐந்தாம் எண் ரைபிளுக்குக் குழல் 18.75 அங்குலமே. எடை நான்கு கிலோவிலிருந்து மூன்று கிலோ சொச்சத்துக்கு இறங்கியது. எடை குறைக்க எங்கெல்லாம் இரும்பைச் சுரண்டலாமோ அங்கெல்லாம் சுரண்டினார்கள். போல்ட்டின் கைப்பிடிக் குமிழைக்கூடக் குடைந்துவிட்டார்கள். பிற்காலத்தில் இதற்கு ஜங்கிள் கார்பைன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1948க்குப் பின் மலாயாவில் அவசரநிலை நடந்த காலத்தில், தமிழர்கள் பால் வடித்த ரப்பர் தோட்டங்களைச் சுற்றியிருந்த காடுகளில் இந்தத் துப்பாக்கியோடுதான் சிப்பாய்கள் திரிந்தார்கள்.

குழலில் கால் பங்கு போனது. குண்டின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காகிதத்தில் பார்த்தால் லாபம். இழப்பெல்லாம் சுடுகிறவன் உடம்பில் எழுதப்பட்டது. எடை குறைந்ததால் உதை கூடியது. உதையைத் தாங்க வைத்த ரப்பர் கட்டை அகலம் குறைந்தது. நாளாக ஆகக் கல்லாக இறுகித் தோளைப் பதம் பார்த்தது. ஒரு முறை சரிபார்த்த குறி அடுத்த முறை நகர்ந்துவிடுகிறது என்ற புகாருக்கு மருந்து கண்டுபிடிக்க முடியாமல், 1947இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

அந்தத் துப்பாக்கியின் நுனியில் புனல் போல ஒரு கூம்பு இருக்கும். அதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. குட்டைக் குழல் துப்பாக்கியை இருட்டில் சுட்டால் நுனியில் ஒரு தீப்பந்து தெரியும். எரியாமல் மிஞ்சிய மருந்து வெளியே வந்து எரிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மருந்து பெரும்பாலும் உள்ளேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. வெளியே நடப்பது வேறு.

கார்டைட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜன் அது முழுதாக எரியப் போதாது. அதனால் குழலிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஏராளம். இரண்டுமே நன்றாக எரியக்கூடிய வாயுக்கள். அதிவேக கேமராவில் எடுத்த படங்களில் இதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். முதலில் குழல் வாயை ஒட்டி ஒரு சின்னச் செந்தணல். அதையடுத்து ஓர் இருட்டு இடைவெளி. வாயு படுவேகமாக விரிந்து குளிரும் இடம் அது. விரிந்த வாயு வெளிக்காற்றில் முட்டி மறுபடி நசுங்கும் இடத்தில் திரும்பச் சூடேறி இரண்டாவது ஒளி. அங்கே வெளிக்காற்றின் ஆக்சிஜன் கலந்ததும் மொத்த வாயுவும் பற்றிக்கொள்கிறது. ஊரே பார்க்கும் தீப்பந்து இந்த மூன்றாவது ஒளிதான். அது முழக்கத்தோடு தன் பங்குக்கு ஓர் அதிர்வையும் சேர்க்கிறது. கூம்பு, வாயு விரியும் விதத்தை மாற்றி இந்தப் பற்றலைத் தணிக்கப் பார்க்கிறது. இரவில் சுடுகிறவனின் கண் கூசாமல் இருப்பதற்கு அது ஓரளவு உதவும். காதுக்கு அதனால் பெரிய நிம்மதி இல்லை.

தீப்பந்தை அணைக்க இன்னொரு வழியும் உண்டு. சிவகாசிக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். பீரங்கி மருந்தில் பொட்டாசியம் நைட்ரேட்டையோ பொட்டாசியம் சல்பேட்டையோ சிறிதளவு சேர்க்கிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட் என்பது நம் வெடியுப்பேதான். பட்டாசுக்குள் கந்தகத்துக்கும் அலுமினியத் தூளுக்கும் ஆக்சிஜன் கொடுத்து எரியவைக்கும் அதே உப்பு, பீரங்கி வாயில் தீயை அணைக்கிறது. எரிதலைச் சங்கிலி போலக் கடத்திக்கொண்டு போகும் ஹைட்ரஜன் அணுக்களையும் அவற்றின் கூட்டாளிகளையும் பொட்டாசியம் இடையில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. சங்கிலி அறுந்தால் தீ பற்றாது. பதிலுக்குப் புகை கூடும். வேதியியலில் இதைவிட அழகான முரண் எனக்குத் தெரியாது.

காவலரின் கேள்விக்கு வருகிறேன். பட்டாசுச் சத்தத்துக்கு மத்திய அரசு 1999இல் உச்சவரம்பு வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி அளந்தால் உச்ச அழுத்தம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. ரைபிள் சுடுகிறவரின் காதருகே அது 160 டெசிபலை ஒட்டி வரும். எண்ணில் வித்தியாசம் கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு 20 டெசிபலுக்கும் அழுத்தம் பத்து மடங்கு. வெடியைக் கொளுத்திவிட்டு நாம் ஓடிவிடுகிறோம். துப்பாக்கியையோ கன்னத்தோடு அணைத்துக்கொண்டு சுடுகிறோம். குழலைக் குறைத்தால் முழக்கம் கூடுவதோடு, முழங்கும் வாயும் காதுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து வருகிறது. வரிசையில் பக்கத்தில் படுத்துச் சுடுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

பழகிவிட்டால் காது தாங்கிக்கொள்ளும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அது தவறு. பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதின் குட்டித் தசை இறுகிக் காதைக் காக்கப் பார்க்கும். அது இறுகக் குறைந்தது நூற்றில் சில பங்கு விநாடி ஆகும். முழக்க அலை அதற்குள் உள்ளே போய்விடுகிறது. உட்காதின் மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ பதினைந்தாயிரம். செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேட்கும் திறன். பேச்சு கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது. பேரப்பிள்ளையின் கீச்சுக்குரல் தப்பிப்போகும். இரவில் படுத்தால் காதுக்குள் ஓயாத ரீங்காரம். பழகிவிட்டது என்று சொல்கிறவர்களில் பலர் கேட்கும் திறனை இழந்தவர்கள்.

திருத்தங்கலும் சிவகாசியும் இருக்கும் இந்த மாவட்டத்தில் சத்தத்தை அளக்கத் தெரியும். நான்கு மீட்டரில் கருவியை வைத்து வெடியைச் சோதிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அந்த அக்கறையில் ஒரு பங்கு, சோதிக்கிறவரின் காதுக்கும் வர வேண்டும். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவர், ரேஞ்சில் நாள் முழுக்க நின்று பயிற்சி தரும் ஏட்டையா, என்சிசி முகாமில் முதல் முறை ரைபிளைத் தொடும் கல்லூரி மாணவி ஆகியோர் காதுகளை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? பலரும் பஞ்சைத் திணித்துக்கொள்கிறார்கள். பஞ்சு சில டெசிபலைத்தான் தடுக்கும். நுரையால் செய்த காதடைப்பான் சரியாகப் பொருந்தினால் இருபதுக்கும் மேல் தடுக்கும்; விலையோ ஒரு டீக்காசு. மேலே ஒரு காதுமூடியும் போட்டால் இன்னும் நல்லது.

ரவை எண்ணிக் கொடுக்கும்போதே காதடைப்பானையும் எண்ணிக் கொடுக்கலாம். அதைப் போடாதவர் சுடக் கூடாது என்று விதி வைக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை காது பரிசோதனை செய்து, போன வருஷத்து அளவோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் அவரை ரேஞ்சிலிருந்து மாற்றலாம். வெடிசோதனைக் களத்துக்கும் அதிர்வேட்டுக்காரர்களுக்கும் இதையே செய்யலாம். இதற்குப் புதிய ஆராய்ச்சி தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. கடிதம் எழுதிய காவலர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்களும் ஒரு முறை காது டாக்டரிடம் போய்க் கேட்கும் திறனை அளந்துகொள்ளுங்கள். உங்களோடு சுட்டவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.