துரை கொடுத்த சுங்கான்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய மைலோ டப்பா இருக்கிறது. அதற்குள், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சுங்கான். இன்றைய பிள்ளைகளுக்குச் சுங்கான் என்றால் புரியாது; 'பைப்' என்றால் தண்ணீர்க் குழாய் என்பார்கள். பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பாக்கள் வாயோரம் கடித்துக்கொண்டு மகனின் காதலை எதிர்ப்பார்களே, அதுதான்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட கெபுன் என் தாத்தா. பாட்டி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1957இல் துரை ஊர் திரும்பியபோது தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனது இந்தச் சுங்கான்.

தாத்தா புகைபிடிக்காதவர். ஆனாலும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பாட்டிக்குத்தான் கோபம். சுங்கானின் அடிப்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. அதில் ஏதோ பூசி அடைத்திருக்கிறது. "அத்தனை வருஷம் உழைச்ச மனுசனுக்கு ஒட்டுப்போட்டதைக் கொடுத்தாரு உங்க துரை" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் அதைத் துடைத்து வைக்கும்போது என் மகள், "இது என்ன மரம்ப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன்.

மண்ணுக்குள் வளரும் கட்டை

இதன் பெயர் பிரையர். தாவரவியலில் எரிக்கா ஆர்போரியா. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், கோர்சிகா, அல்ஜீரியா என மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் வெள்ளைப் பூ பூக்கும் புதர் இது. பிரெஞ்சுக்காரர்கள் 'புருயேர்' என்றது ஆங்கிலத்தில் பிரையர் ஆனது.

சுங்கான் செய்யப் பயன்படுவது கிளையும் அல்ல, தண்டும் அல்ல. வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் உருண்டு திரளும் கட்டை. அதில்தான் செடி தனக்கு வேண்டிய நீரையும் மாவுச்சத்தையும் சேமித்து வைக்கிறது. காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் இந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கெட்டியான கட்டை என்பதால் எளிதில் தீப்பற்றாது. நெருப்பை உள்ளே வைக்கும் பொருளுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

வேலைக்கு ஏற்ற கட்டை உருவாகப் பெரும்பாலும் 30 வருடங்களுக்கு மேல் ஆகும். தோண்டி எடுத்ததும் காயவிடக் கூடாது, விரிசல் விடும். ஈரமாகவே வைத்திருந்து, துண்டு போட்டு, பல மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சாற்றை இறக்குவார்கள். அதன்பின் மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள்.

எங்கள் சுங்கானின் காம்பில் 'சான் குளோட்' என்று தேய்ந்த எழுத்துகள் தெரிகின்றன. பிரான்சின் ஜுரா மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் அது. அங்கிருந்த கடைசல்காரர்கள் அதற்கு முன்பே மரத்தில் ஜெபமாலைகளும் சிறு சாமான்களும் செய்து பழகியவர்கள். 1850களில் பிரையர் அவர்கள் கைக்கு வந்தது. அதன்பின் அந்த ஊரே சுங்கானால் பெயர் பெற்றது.

கோடும் புள்ளியும்

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இதன் அழகு தெரியும். அடியிலிருந்து விளிம்புவரை நெருப்பு எழுவதுபோல நேர் ரேகைகள். விளிம்பிலோ கோடே இல்லை. பொடிப் பொடியாய்ப் புள்ளிகள். இதைப் 'பறவைக் கண்' என்பார்கள்.

இரண்டும் ஒன்றுதான். ஈர்க்குச்சி விளக்குமாற்றைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடுகள். நுனிப்பக்கம் திருப்பினால் புள்ளிகள். கட்டையின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடும் நார்கள் அப்படித்தான். நாரின் போக்கிலேயே கடைந்தால் கோடு, குறுக்கே வெட்டுப்படும் இடத்தில் புள்ளி. சுற்றிலும் நேர் ரேகை அமைவது அபூர்வம். அப்படி அமைந்தால் விலை எங்கோ போய்விடும்.

அப்படியானால் துரை கொடுத்தது விலை உயர்ந்ததா? இல்லை. அந்தக் குழிதான் காரணம்.

அது உடைந்த இடம் அல்ல. கட்டை மண்ணுக்குள் வளரும்போது சிறு கல்லையும் மணலையும் தனக்குள் வைத்து மூடிக்கொள்ளும். வெளியே தெரியாது. கடையும்போதுதான் குழி எட்டிப்பார்க்கும். அதைப் பூசி அடைத்து, குறைந்த விலைக்கு விற்பார்கள். லண்டனின் டன்ஹில் நிறுவனம் வேறு வழி கண்டது. மணலைப் பீய்ச்சி மேற்பரப்பை அரித்து, ரேகைகளை மேடாக எழும்பவிட்டது. 'ஷெல்' என்ற அந்த முறைக்கு அது காப்புரிமை கோரியது 1917இல்.

கடிவாய் சொன்ன கதை

நான் எதிர்பாராதது, வாயில் வைக்கும் கறுப்புப் பகுதி. பிளாஸ்டிக் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் காலப்போக்கில் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. துணியால் சூடு பறக்கத் தேய்த்தால் மெல்லிய கந்தக வாடை. அது ரப்பர். இயற்கை ரப்பரில் கந்தகத்தை அதிகம் கலந்து சூடாக்கினால் கல்போல் இறுகும். வல்கனைட் என்று பெயர். அந்தக் காலத்துச் சுங்கான்களில் பெரும்பாலும் அதுதான் கடிவாய்.

1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். இந்தக் கடிவாய் எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விடியுமுன் நெற்றியில் விளக்கோடு மரம் வெட்டப் போன பாட்டியின் கையும், துரையின் வாயிலிருந்த இந்தச் சுங்கானும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. கடிவாயில் இன்னும் துரையின் பல் தடம் இரண்டு இருக்கிறது. தேய்த்து அழிக்கலாம், நான் விட்டுவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டில் வந்தாலும் சுங்கானில் வந்தாலும் புகையிலை உடலைக் கெடுக்கும். இதை யாரும் பற்றவைக்கப் போவதில்லை. பார்ப்பதற்கு மட்டும்தான்.

மகளிடம் குழியின் கதையைச் சொன்னேன். "அப்போ பாட்டி சொன்னது தப்பா?" என்றாள்.

பாட்டி இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன்: "அது ஒட்டுப்போட்டதில்ல பாட்டி, மண்ணுல இருந்த கல்லு." அவர் விட்டிருக்க மாட்டார். "எப்படி இருந்தா என்ன, ரெண்டாம் தரம்தானே?" என்றிருப்பார்.

அதுவும் உண்மைதான்.