தக்காளி இனி கிடைக்காதா? பதறும் முன் கைபேசியில் ஒரு பார்வை

“தக்காளி வரத்தே இல்லையாம், இப்பவே நாலு கிலோ வாங்கி வெச்சுக்கோங்க.” ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் கூட்டம். மாலைக்குள் அந்தக் கடையில் உண்மையிலேயே தக்காளி இருக்காது. காலையில் வதந்தியாக இருந்தது மாலையில் நிஜமாகிவிடும்!

கவலை நியாயமானதுதான். குழம்பு, ரசம், சட்னி என்று தினமும் அடுப்பில் ஏறும் பொருள் அது. கிலோ 25 ரூபாய்க்கு வாங்கியதை 100 ரூபாய்க்கு வாங்க நேர்ந்தால், தினக்கூலியில் ஓடும் வீட்டில் வேறு ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். ஆனால் ‘விலை ஏறுகிறது’ என்பது வேறு, ‘கிடைக்காமலே போய்விடும்’ என்பது வேறு. இரண்டில் எது நடக்கிறது என்று வீட்டில் இருந்தபடியே நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

2023 ஜூலையில் நடந்தது

அந்த மாதம் சில்லறை விலை 100 ரூபாயைத் தாண்டியது. மாதக் கடைசியில் சென்னையின் சில கடைகளில் 200 ரூபாய் வரை விற்றது. நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஜூனில் 4.87 சதவீதமாக இருந்து ஜூலையில் 7.44 சதவீதத்துக்குத் தாவியதில் தக்காளிக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் ஒன்றல்ல. கோடை வெயிலில் பூ உதிர்ந்து காய்ப்பு குறைந்தது. கர்நாடகத்தின் கோலார் பகுதியில் வெள்ளை ஈ தாக்குதல். அதற்கு முன் சில மாதங்கள் விலை மிகவும் குறைவாக இருந்ததால் பலர் தக்காளியை விட்டு வேறு பயிருக்குப் போயிருந்தார்கள். சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும் பகுதி ஆந்திரம், கர்நாடகத்தில் இருந்தும், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருந்தும் வருவது. அங்கே விளைச்சல் குறைந்தால் கோயம்பேட்டில் உடனே தெரியும்.

தமிழ்நாடு அரசு என்ன செய்தது? கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகளிலும், ஜூலை 4 முதல் சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. பிறகு மற்ற மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளுக்கும் இது விரிந்தது. அந்த நாட்களின் வெளிக்கடை விலையைவிட மிகக் குறைவு அது. மத்திய அரசும் கூட்டுறவு நிறுவனங்கள் மூலம் தில்லி உள்ளிட்ட நகரங்களில் குறைந்த விலையில் விற்றது.

அப்புறம் ஆகஸ்டில் புதிய அறுவடை வந்தது, விலை இறங்கியது. செப்டம்பரில் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டுப்படாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். இரண்டே மாத இடைவெளி!

இரண்டு மூன்று மாதக் கணக்கு

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் பயிரின் வயதுதான் இருக்கிறது. நாற்றங்காலில் ஏறத்தாழ 25 நாள், வயலில் நட்டபின் முதல் பறிப்புக்குச் சுமார் 60 முதல் 70 நாள். ஆக, இன்று விலை ஏறுவதைப் பார்த்து ஒருவர் விதை போட்டால் காய் சந்தைக்கு வர மூன்று மாதம் ஆகும். விலை ஏறியவுடன் நிறைய பேர் நடுவார்கள். எல்லோருடைய காயும் ஒரே சமயத்தில் வரும்போது விலை சரியும்.

ஜூலை–ஆகஸ்ட், அக்டோபர்–நவம்பர் ஆகிய மாதங்களில் பொதுவாகவே தக்காளி விளைச்சல் குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரத்து அதிகம். இந்த ஒரு விவரம் மனதில் இருந்தால் பாதி பதற்றம் போய்விடும். நவம்பர் மழையில் விலை ஏறினால், பொங்கலுக்குள் இறங்கிவிட வாய்ப்பு அதிகம் என்று எதிர்பார்க்கலாம்.

‘யாரோ பதுக்கி வெச்சிருக்காங்க’ என்ற பேச்சும் வரும். வெங்காயம் என்றால் அதில் கொஞ்சம் பொருள் உண்டு. நன்றாக உலர்ந்த பெரிய வெங்காயத்தைக் கொட்டகையில் மாதக்கணக்கில் வைக்கலாம். அதனால்தான் 2019இல் விலை ஏறியபோது மத்திய அரசு வியாபாரிகளின் இருப்புக்கு உச்சவரம்பு விதித்தது, ஏற்றுமதியைத் தடுத்தது, எகிப்து, துருக்கியில் இருந்து இறக்குமதியும் செய்தது. பழுத்த தக்காளியைப் பதுக்க நினைப்பவருக்கு ஒரு வாரத்தில் அழுகல்தான் மிஞ்சும். அரசாலும் அதைக் கிடங்கில் சேர்த்து வைக்க முடியாது. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே விற்க வேண்டியிருப்பதால்தான் நியாயவிலைக் கடைக்கு வரும் தக்காளி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

கைபேசியில் எதைப் பார்ப்பது?

தமிழ்நாடு வேளாண் துறையின் ‘உழவன்’ செயலி 2018இல் வந்தது. விவசாயிகளுக்கானது என்று நினைத்து நகரத்தில் இருப்பவர்கள் தொடுவதே இல்லை. அதில் சந்தை விலை நிலவரம் பார்க்கும் வசதி இருக்கிறது. மாவட்டத்தையும் சந்தையையும் தேர்ந்தெடுத்தால் விலை தெரியும். மொழி தமிழ் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் பெரியவர்களும் தாங்களே பார்க்கலாம்.

மத்திய அரசின் ‘அக்மார்க்நெட்’ இணையதளத்தில் இன்னொரு விவரமும் கிடைக்கும்: அன்றைக்குச் சந்தைக்கு எத்தனை டன் வந்தது என்ற வரத்துக் கணக்கு. தட்டுப்பாடு உண்மையா என்று காட்டும் எண் இதுதான். விலை ஏறியிருக்கிறது, ஆனால் வரத்து போன வாரம் போலவே இருக்கிறது என்றால், அது மழையாலோ பண்டிகைத் தேவையாலோ வந்த சில நாள் ஏற்றமாக இருக்கலாம். வரத்து தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் சரிந்துகொண்டே போனால்தான் நீண்ட ஏற்றத்துக்குத் தயாராக வேண்டும். ஒரே நாளின் எண்ணை நம்பாதீர்கள். விடுமுறை நாளில் வரத்து தானாகவே குறைவாகத்தான் தெரியும்.

அந்தத் தளத்தில் விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு இருக்கும். 4,500 என்று பார்த்து மயக்கம் போட வேண்டாம். கிலோ 45 ரூபாய்தான். குறைந்தபட்சம், அதிகபட்சம், பெரும்பாலான சரக்கு விற்ற விலை என்று மூன்று இருக்கும். மூன்றாவதைப் பாருங்க, அது போதும்.

தொலைக்காட்சிச் செய்தியில் வரும் எண்ணிலும் இதே குழப்பம். ‘ஒரு பெட்டி 1,500 ரூபாய்’ என்பார்கள். பெட்டி ஏறத்தாழ 14, 15 கிலோ. நாட்டுத் தக்காளியா, நவீன் தக்காளியா, முதல் தரமா, இரண்டாம் தரமா என்பதைப் பொறுத்தும் விலை மாறும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் இவை எதுவும் இருக்காது. பல சமயம் தேதிகூட இருக்காது. போன ஆண்டுச் செய்தி இந்த ஆண்டு சுற்றிக்கொண்டிருக்கும்.

கோயம்பேட்டில் 80, நம்ம தெருவில் ஏன் 110?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ பெட்டியை 1,200 ரூபாய்க்கு எடுக்கிறார் கடைக்காரர். கிலோ 80. மழைக்காலத்தில் அதில் 2 கிலோ நசுங்கியோ அழுகியோ போனால், மிஞ்சும் 13 கிலோவுக்கு அடக்கவிலையே 92 ரூபாய்க்கு மேல். சுமைக்கூலி, வண்டி வாடகை, கடை வாடகை இன்னும் சேரவில்லை. ஆகவே 110 என்பது கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. மொத்த விலை 40க்கு இறங்கிப் பல நாள் ஆன பிறகும் கடையில் 110 என்றே இருந்தால் கேள்வி கேட்கலாம், அல்லது கடையை மாற்றலாம்.

உழவர் சந்தை உள்ள ஊர்க்காரர்களுக்கு இது எளிது. 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விவசாயியே நேரடியாக விற்கிறார். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் அன்றன்றைக்கு விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மற்ற கடைக்குப் போகலாம். காலையிலேயே போனால்தான் நல்ல காய் கிடைக்கும் என்பது போய் வருபவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கே கொண்டு வந்து தரும் செயலிகளில் வாங்குபவர்கள், பெரிய எழுத்தில் இருக்கும் விலை எத்தனை கிராமுக்கு என்று பாருங்கள். 500 கிராம் விலையைக் கிலோ விலையாக நினைத்து ‘மலிவா இருக்கே’ என்று வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

விலை ஏறிய வாரங்களில் நாலு கிலோ சேர்த்து வாங்குவது வீண். பழுத்தது கெட்டுப்போகும். அரைப்பழமாக ஒரு கிலோ வாங்கிக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியிலேயே பரப்பி வைத்தால் ஒவ்வொன்றாகப் பழுக்கும். ரசத்துக்குப் புளி போதும், பருப்புக்கு மாங்காய் இருக்கிறது, எலுமிச்சையும் மோரும் இருக்கின்றன. தக்காளித் தொக்கு கிளறி வைக்க ஏற்ற காலம் விலை இறங்கிக் கிடக்கும் தை, மாசி.

புகார் எங்கே?

பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துத் தரும் தக்காளிக்கு அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சிட்டது எதுவும் கிடையாது. எனவே ஒரு கடையில் விலை அதிகம் என்பது மட்டும் புகாருக்குரிய குற்றம் ஆகாது. எடையில் குறைத்தால் குற்றம். பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும் குற்றம். தராசில் முத்திரை இருக்கிறதா, காய் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. எடைக் குறைவைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் தெரிவிக்கலாம். நுகர்வோர் புகார்களுக்குத் தேசிய உதவி எண் 1915.

நியாயவிலைக் கடையில் காய்கறி விற்பனை அறிவிக்கப்பட்டும் உங்கள் பகுதிக் கடையில் தர மறுத்தால் 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மலிவு விலைத் தக்காளிக்கு முன்பதிவு என்று கைபேசிக்கு ஏதாவது இணைப்பு வந்தால் அதைத் தொடாமல் கடையிலேயே நேரில் கேட்டுவிடுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.