சுந்தர் நர்சரி

தில்லிக்கு வந்த புதிதில், ஹுமாயூன் சமாதிக்கு அருகே ‘சுந்தர் நர்சரி’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, பூச்செடி விற்கும் இடம் போலும் என்று எண்ணி அப்பால் நடந்துவிட்டேன். என் எண்ணம் முழுதும் பிழையன்று. ஆங்கிலேயர் புதுதில்லியை அமைத்தபொழுது, இம்மண்ணிலும் வெயிலிலும் எந்த மரம் தழைக்கும் என்று நட்டுச் சோதித்த நாற்றுப்பண்ணை அது. உள்ளே முகலாயர் காலத்துக் கட்டடங்கள் பழுதுற்றுக் கிடந்தன.

2007-இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, மத்தியப் பொதுப்பணித்துறை, தொல்பொருள் ஆய்வுத்துறை, தில்லி மாநகராட்சி ஆகியவற்றுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. நிலம் அரசினுடையதே, உழைப்பும் நிபுணர்களும் அறக்கட்டளையின் பொறுப்பு. சுந்தர் புர்ஜ் முதலிய கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே, பழைய முறையில் செப்பனிட்டனர். முகம்மது ஷாஹீர் என்னும் கலைஞர் தோட்டத்தை வகுத்தார். 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டபொழுது அவர் உயிருடன் இல்லை. ஏறத்தாழ 90 ஏக்கர்! நடுவே ஓடும் நீரையும் இருமருங்கும் மலர்ப்பாத்திகளையும் கண்டால் தேர்வுக் கவலையே மறந்துபோகும்.

ஆயினும் எனக்கொரு குறை. சாலைக்கு அப்பாலுள்ள நிஜாமுதீன் பஸ்தியில் மாநகராட்சிப் பள்ளியும் மருந்தகமும் சீரடைந்தது இதே உடன்படிக்கையால்தான். ஆனால் அந்த பஸ்தியில் வாழும் கூலித் தொழிலாளி குடும்பத்தோடு பூங்காவுக்கு வர வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். வாரத்தில் ஒரு மாலையேனும் அந்தச் சீட்டுச் சாளரத்தை மூடி வைக்கலாகாதா?