படம் அப்புறம்... முதலில் பலகாரம்!

விடிந்தும் விடியாத நேரம். தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும் கிளையில் ஒரு பாம்புத்தாரா. இதோ இறக்கையை விரிக்கப்போகிறது என்று என் வீட்டுக்காரர் காமிராவும் கையுமாக நிற்கிறார். "ஏங்க, ஊசி போட்டாச்சு, சாப்பிட வாங்க" என்றால், "இரு, அஞ்சே நிமிஷம்!"

அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி ஆனது. கை நடுங்க ஆரம்பித்தது. "லென்ஸ் கனம்" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜனவரி மாசக் குளிரில் வியர்வையா? விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58!

இது நடந்தது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில். பிள்ளையைப் பார்க்கப் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வருகிற பெற்றோர் இன்று தெருவுக்கு நாலு பேர். நயாகரா, டிஸ்னி எல்லாம் பார்த்தாச்சு என்றால், "மோட்டார் ஹோம் எடுத்துக்கிட்டு எவர்கிளேட்ஸ் போலாமா?" என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி அது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற வயசில் வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

போகிறதானால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். அப்போது மழை குறைவு. பரந்து கிடக்கிற தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகிவிடும். மீனெல்லாம் அங்கே ஒதுங்க, பறவைகளும் அங்கேயே கூடிவிடும். கோடையில் போனால் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

முட்டிவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். அன்ஹிங்கா டிரெயில் என்று ஒரு பாதை, சுமார் 1.3 கிலோமீட்டர்தான். சமதளம், மரப்பலகை நடைபாலம், சக்கர நாற்காலியே போகும். அன்ஹிங்கா என்பது பாம்புத்தாராவேதான். நம்ம வேடந்தாங்கலில் பார்க்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம்! முங்கி மீனை அலகால் குத்தி எடுக்கும். வாத்து மாதிரி தண்ணீர் ஒட்டாத இறகு இல்லை இதற்கு. நனைந்து ஊறிவிடும். அதனால்தான் கரையேறி, இறக்கையை விரித்து வெயிலில் காயவைக்கிறது. கேமராக்காரர்கள் தவம் கிடப்பது இதற்குத்தான்.

ஒரு வேடிக்கை. இந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் கறுப்புக் கழுகுகள் வந்து கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பிய்த்துத் தின்னும்! அதற்காகவே தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள், போர்த்திவிட்டுப் போகலாம்.

சரி, சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வெளிச்சம் சூரியன் உதித்ததும் கிடைக்கிற காலை நேரம். நம் ஊசியும் பலகாரமும் அதே நேரம்தான். ஊசி போட்டுக்கொண்டு பறவைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் டாக்டர் சொன்ன இடைவெளி ஊரில் மட்டுமல்ல, காட்டிலும் அதேதான். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் லென்ஸைக் குற்றம் சொல்லாமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அரை டம்ளர் ஜூஸ் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள். அப்புறம் கட்டாயம் சாப்பாடு. மயக்கமாக இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 911-ஐக் கூப்பிடுங்கள். காட்டுக்குள் பல இடத்தில் செல்போன் எடுக்காது என்பதால் தனியாக யாரையும் விடாதீர்கள்.

இன்சுலினை ஃப்ரிட்ஜின் குளிர்த் தகட்டை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் வீண். வண்டி ஓடும்போது "காபி போடறேன்" என்று எழுந்திருக்கவும் கூடாது. பெல்ட் போட்டு உட்காருங்கள், ஒன்றரை மணிக்கு ஒருதரம் இறங்கி நடங்கள். இல்லாவிட்டால் கால் வீங்கும், ரத்தம் உறையவும் இடம் உண்டு. கொசுவிரட்டியில் 'டீட்' கலந்திருந்தால் கையைத் துடைத்துவிட்டுக் காமிராவைத் தொடுங்கள். பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்!

கழுத்துவலிக்கு என் கைவைத்தியம்: பழைய பேன்ட்டின் காலை வெட்டி, அரிசி நிரப்பித் தைத்து, வண்டி ஜன்னலில் போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள். கனமே தெரியாது. மனுஷனைக் கண்டு பறக்கிற பறவை வண்டியை அவ்வளவாகச் சட்டை செய்யாது.

கிட்டே போகிற ஆசை வேண்டாம். மேயும் கொக்கு கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்த்தால் போதும், ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரை பிடிக்கிற நேரத்தில் பயந்து பறந்தால் அதுக்கும் பட்டினிதானே! முதலைக்கு 15 அடி தள்ளியே நில்லுங்கள். ஒரு காலத்தில் சீமாட்டிகளின் தொப்பியில் செருக இந்தக் கொக்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தடுக்கப்போன காவலர் கை பிராட்லியை 1905-ல் ஃப்ளமிங்கோ என்ற ஊருக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். தேசியப் பூங்கா திறந்தது 1947-ல்தான்.

அன்றைக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? ஜூஸ் குடித்து, பத்து நிமிஷத்தில் அவருக்குத் தெளிவு வந்தது. ரெண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். "போச்சு, பறந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால் அதே கிளை, அதே பாம்புத்தாரா. நனைந்த இறகோடு அது எங்கே போகும்? இறக்கையை அகல விரித்து, முதுகைக் காட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற படம் அதுதான்.